வதைக் கருவி நூல்களில் பெயரும் விளம்பரமும்: மொழிபெயர்ப்பு நோக்கில் ஒரு திறனாய்வு

0. முன்னுரை

வரலாற்றுக் கால வதைக் கருவிகளைப் பற்றிய நூல்கள் ஐரோப்பிய மொழிகளில் தொடர்ந்து வெளிவருகின்றன. புதிய நூலொன்று சந்தைக்கு வரும்போது அதன் அட்டைப்படமும் பின்னட்டைக் குறிப்பும் பெரும்பாலும் ஒரே கருவியை முன்னிறுத்துகின்றன. உட்புறம் கூர்முனைகள் பதிக்கப்பெற்ற, பெண்முகம் அமைந்த, ஆளுயரப் பேழையே அது. ஆங்கிலத்தில் 'அயர்ன் மெய்டன்' எனவும் செருமானிய மொழியில் 'ஐசர்னெ யுங்ஃபிராவ்' எனவும் வழங்கும் இதனைத் தமிழில் 'இரும்புக் கன்னி' எனலாம். இத்தகைய நூல்களின் விளம்பர மொழி, கருவியின் பெயரையே அக்கருவி வழங்கியதற்குச் சான்றாக்கிவிடுகிறது. பெயரை மட்டும் பெயர்த்துத் தரும் மொழிபெயர்ப்பாளர் அதற்குத் துணைபோக நேர்கிறது. இவ்விரண்டையும் விளக்குவது இக்கட்டுரையின் நோக்கம்.

1. பெயரால் நிலைபெற்ற கருவி

செருமானிய அறிஞர் யோகான் பிலிப் சீபன்கீஸ் 1793இல் இக்கருவியைப் பற்றி எழுதினார். நூரம்பர்க் நகரில் 1515ஆம் ஆண்டு கள்ள நாணயம் செய்த ஒருவன் இத்தகைய பேழையில் இட்டுக் கொல்லப்பட்டான் என்பது அவர் தந்த செய்தி. நிகழ்ச்சிக்கும் எழுத்திற்கும் இடையே 278 ஆண்டுகள் உள்ளன. இடைக்காலத்தில் இக்கருவி பயன்பட்டமைக்கு நம்பத்தக்க சான்று இல்லை என்பதே இன்றைய வரலாற்றறிஞர் கொள்கை. அருங்காட்சியகங்களில் கிடந்த பல பொருள்களை இணைத்து, காட்சிக்காக உருவாக்கப்பட்டவையே இப்பேழைகள் என்பார் சட்ட வரலாற்றறிஞர் வோல்ஃப்காங் ஷில்ட்.

1893இல் ஷ்ரூஸ்பரி பிரபுவின் உடைமையாயிருந்த நூரம்பர்க் தொகுப்பு அமெரிக்காவில் காட்சிக்கு வைக்கப்பட்டது. இரும்புக் கன்னியை முதன்மைப்படுத்தி விளக்கப் பட்டியலும் வெளியிடப்பட்டது. அதே ஆண்டில் பிராம் ஸ்டோக்கர் இக்கருவியை மையமாக்கிச் சிறுகதை எழுதினார். காட்சி, பட்டியல், கதை ஆகிய மூன்றும் ஒன்றற்கொன்று வலுவூட்டின. இன்றைய பின்னட்டைக் குறிப்புகள் அக்காட்சிப் பட்டியல்களின் வழித்தோன்றல்களே எனின் மிகையாகாது. இரண்டும் வாசகரைப் பார்வையாளராக்குகின்றன.

2. பெண்பாற் பெயர்கள்

வதைக் கருவிகள் பெண்பாற் பெயர் பெறுதல் மொழியியல் நோக்கில் கருதத்தக்கது. லண்டன் கோபுரத்தில் உடலை இழுத்து நீட்டும் சட்டகம் 'எக்சிட்டர் கோமகனின் மகள்' எனப்பட்டது. பிரான்சில் தலைவெட்டும் பொறியாகிய கில்லட்டின் 'கைம்பெண்' எனப்பட்டது. ஸ்காட்லாந்தில் 16ஆம் நூற்றாண்டில் அமைக்கப்பட்ட தலைவெட்டும் பொறியின் பெயரும் 'மெய்டன்' என்பதே. ஆகவே ஆங்கில நூலில் 'மெய்டன்' என வருமிடமெல்லாம் முள் பதித்த பேழையெனக் கொள்ளுதல் பிழையாகும்.

எட்டாம் ஹென்றி காலத்தில் உடலை மடக்கி இறுக்கும் இரும்பு வளையமொன்று லண்டன் கோபுரத்தில் புகுத்தப்பட்டது. அதன் பெயர் கோபுர அதிகாரி ஸ்கெவிங்டன் என்பாரின் பெயரால் 'ஸ்கெவிங்டனின் மகள்' என அமைந்தது. பின்னர் மக்கள் வழக்கில் 'ஸ்கேவஞ்சரின் மகள்' எனத் திரிந்தது. ஒலியொப்புமையால் தெரியாத சொல்லைத் தெரிந்த சொல்லாக்கும் நாட்டார் சொற்பிறப்பிற்கு இது நல்ல எடுத்துக்காட்டு. இதனைத் 'துப்புரவாளனின் மகள்' எனப் பெயர்த்தால் திரிபே மூலமாகிவிடும். தொடர்பற்ற ஒரு தொழிலார் மீது பழியும் ஏறும்.

3. 'சித்திரவதை' என்னும் சொல்

'டார்ச்சர்' என்பதற்கு நிகராகத் தமிழில் வழங்குவது 'சித்திரவதை'. ஆங்கிலச் சொல் முறுக்குதல் என்னும் பொருளுடைய இலத்தீன் வினையிலிருந்து பிறந்து, உண்மையை வரவழைக்கும் விசாரணை முறையைக் குறித்தது. தமிழ்ச்சொல்லின் வடமொழி மூலமோ தண்டனை சார்ந்தது. அர்த்தசாத்திரத்தின் நான்காம் அதிகரணம் கொலைத் தண்டனையைச் 'சுத்தம்', 'சித்திரம்' என இரண்டாகப் பகுக்கிறது. முன்னது வேதனை சேராத கொலை. பின்னது பல்வகை வேதனைகளோடு கூடியது.

எனவே விசாரணைக்குரிய சட்டகம், தண்டனைக்குரிய பொறி, காட்சிக்கென அமைந்த பேழை ஆகிய மூன்றையும் 'சித்திரவதைக் கருவி' என்னும் ஒரே தொடரால் குறித்தல் பொருள் மயக்கம் தரும். ஆங்கில விளம்பர உரைகளும் இதே மயக்கத்தை உடையன. தமிழ் அதனை இரட்டிப்பாக்க வேண்டுவதில்லை.

4. கிட்டி: ஒரு மாற்றுச் சான்று

பெயர் பெரிதாகவும் சான்று சிறிதாகவும் உள்ள இரும்புக் கன்னிக்கு எதிர்நிலையில் நிற்பது 'கிட்டி'. சென்னை மாகாணத்தில் வரி தண்டுவதிலும் காவல் விசாரணையிலும் நிகழ்ந்த வதைகளை ஆராய எலியட், ஸ்டோக்ஸ், நார்ட்டன் ஆகியோர் அமைந்த ஆணையம் 1855இல் அறிக்கை அளித்தது. கைகளை மரத்துண்டுகளுக்கிடையே வைத்து நெரிக்கும் 'கிட்டி'யும், கழுத்தையும் கால்விரல்களையும் கயிற்றாலோ அவரவர் துணியாலோ பிணித்துக் குனிய வைக்கும் 'அனுந்தால்' என்பதும் அதில் பதிவாகியுள்ளன. பின்னதை 'அண்ணாந்தாள்' என்பதன் திரிபாகக் கொள்ள இடமுண்டு. முன்னதைப் 'பல் கிட்டிக்கொண்டது' என்னும் வழக்கிலுள்ள வினையோடு இயைத்துக் காணலாம்.

இங்குக் கருவி எனத்தக்கன கோலும் கயிறும் உடுத்த துணியுமே. அவை அட்டைப்படமாகா. ஆயின் அவற்றால் துன்புற்றோர் வரி செலுத்த இயலாத உழவர். அவர்தம் முறையீடுகள் ஏட்டில் உள்ளன.

இன்னொன்றும் நோக்கத்தக்கது. ஆங்கில அறிக்கை இச்சொற்களைப் பெயர்க்காமல் ஒலிபெயர்த்தே வழங்குகிறது. கொடுமை உள்நாட்டு அலுவலருடையது, ஐரோப்பிய அதிகாரிகளுடையதன்று என்னும் ஆணையத்தின் முடிபிற்கு அவ்வொலிபெயர்ப்பு இயைபாக அமைந்தது. வேற்றுச்சொல் வேற்றாரின் செயலாகத் தோற்றும். ஆனால் வரியை விதித்ததும் பெற்றதும் கும்பினி ஆட்சியே. ஒலிபெயர்ப்பதா, மொழிபெயர்ப்பதா என்னும் தேர்வு பொறுப்பை யார்மேல் ஏற்றுவது என்னும் தேர்வுமாகும்.

5. முடிவுரை

வதைக் கருவி நூல்களைப் பயனற்றவை என ஒதுக்குதல் பொருந்தாது. அரசும் சட்டமும் மனித உடலை எவ்வாறு கையாண்டன என்பதை அவை பொது வாசகர்க்கு அறிவிக்கக் கூடும். ஆனால் இரும்புக் கன்னியை முன்வைத்து விற்கப்படும் நூல், வதை என்பது தொலைவான காலத்தின் விந்தையெனும் ஆறுதலையும் சேர்த்தே விற்கிறது. கோலும் கயிறும் எக்காலத்தும் கைக்கெட்டுவன என்பதை அது மறைக்கிறது.

இத்தகைய நூலைத் தமிழாக்குவோர் ஒவ்வொரு கருவிக்கும் பெயரோடு மூன்று செய்திகளைத் தருதல் நன்று: அப்பெயர் முதன்முதல் எழுத்தில் வந்த ஆண்டு, கருவியின் பயன், அதற்குரிய சான்றின் தன்மை. பின்னட்டைக் குறிப்பிற்கும் இதே அளவுகோல் பொருந்தும். இல்லாத கருவிக்கு அழகிய தமிழ்ப்பெயர் சூட்டுவதினும், இருந்த கொடுமைக்கு உரிய பழஞ்சொல்லை மீட்டளிப்பதே மொழிபெயர்ப்பாளர் கடன்.