முதல்நூல் எது? ஜப்பானியச் சித்திரக்கதைப் படங்களும் காண்போர் கருத்தும்

மக்கள் உள்ளத்தில் நெடுங்காலம் நிலைபெற்ற கதையொன்றைப் பிறிதொரு கலைவடிவிற்கு மாற்றுங்கால், காண்போருள் ஒருசாரார் மகிழ்தலும் ஒருசாரார் வெகுளுதலும் எந்நாட்டிலும் உள்ள இயல்பாகும். வெகுள்வோர் கூற்று பெரும்பாலும் ஒன்றே: ‘இது மூலத்தைச் சிதைத்தது’ என்பதாம். இக்கூற்றைத் திறனாய்வாளர் இருவகையாகக் கொள்வர். பொதுமக்களின் பிள்ளைமைப் பற்றென இதனைத் தள்ளுவார் ஒருசாரார். இதனையே தீர்ப்பெனக் கொள்வார் மற்றொரு சாரார். இரண்டும் பொருந்தா என்பதும், காண்போர் ‘மூலம்’ எனச் சுட்டுவது யாது என்பதை முதற்கண் வரையறுத்தல் வேண்டும் என்பதும் இக்கட்டுரையின் கருத்தாகும். இதனை ஆராய்தற்கு, மங்கா என வழங்கும் ஜப்பானியச் சித்திரக்கதைகளின் வழிவந்த அசைவூட்டத் திரைப்படங்கள் நான்கினை ஈண்டு எடுத்துக்கொள்வோம்.

முன்னோர் நூலின் முடிபோடு ஒத்தல், பின்னோன் வேண்டும் வேறுபாடு கூறல், மரபு அழியாமை என்னும் மூன்றனையும் வழிநூலுக்குரிய இயல்புகளாக நன்னூலார் வகுத்தனர். இவ்விதி இலக்கண நூலை நோக்கியது. கற்பனைப் படைப்பிற்கு முற்றும் பொருந்தும் என்று கொள்ளுதற்கில்லை. ஆயினும், மாற்றம் என்பது தன்னளவில் குற்றமன்று, வழிநூலின் உரிமையே என்னும் தெளிவை இஃது அளிக்கின்றது. எம்மாற்றம் பொறுக்கப்படுகின்றது, எம்மாற்றம் வெறுக்கப்படுகின்றது என்பதே இனி வினா.

1979ஆம் ஆண்டு இதற்கு நல்லதொரு சான்று தருகின்றது. அவ்வாண்டு ஆகஸ்டில் ரின்டாரோ இயக்கிய ‘கேலக்ஸி எக்ஸ்பிரஸ் 999’ வெளிவந்தது. மாட்சுமோட்டோ லெய்ஜி 1977 முதல் எழுதிவந்த சித்திரக்கதை இதன் மூலம். எந்திர உடல் பெறும் வேட்கையோடு விண்வெளித் தொடர்வண்டியில் செல்லும் சிறுவன் டெட்சுரோ, மூலத்தில் குட்டையான, அழகற்ற பிள்ளை. படத்திலோ பதினைந்து வயதுடைய இளைஞன். தலைவனின் அகவையையும் முகத்தையும் மாற்றுதலினும் பெரிய மாற்றம் யாது? எனினும் காண்போர் படத்தை உவந்தேற்றனர். அவ்வாண்டின் ஜப்பானியப் படங்களுள் மிகுந்த வருவாய் பெற்றது இதுவே. அதே ஆண்டு டிசம்பரில் மியாசாக்கி ஹயாஓ இயக்கிய ‘காக்லியோஸ்ட்ரோவின் கோட்டை’ வெளிவந்தது. மங்க்கி பஞ்ச் 1967இல் தொடங்கிய ‘மூன்றாம் லூப்பன்’ கதையின் வழிவந்தது அது. இன்று பெருங்காப்பியம் போலப் போற்றப்படும் அப்படம், அன்று முந்தைய ஆண்டின் லூப்பன் படம் ஈட்டிய வருவாயையும் எட்டவில்லை.

வேறுபாட்டின் அளவே காரணமாயின், டெட்சுரோவின் மாற்றமே வெறுக்கப்பட்டிருத்தல் வேண்டும். அங்ஙனம் நிகழாமைக்குக் காரணம் உளது. 1979இல் ‘999’ கதை சித்திரத்தொடராகவும் தொலைக்காட்சித் தொடராகவும் இன்னும் நடந்துகொண்டிருந்தது; அவ்விரண்டும் முடிவெய்தியது 1981இலேயாம். ஆகவே காண்போர் உள்ளத்தில் ஒரு குறை இருந்தது: பயணம் எங்கே முடியும் என்னும் குறை. படம் அதனை நிறைத்தது. முகம் மாறினும் முடிபு கிடைத்தமையின் மாற்றம் பொறுக்கப்பட்டது. லூப்பனோ பன்னிரண்டு ஆண்டுகளாக உருவேறிய பாத்திரம். சித்திரக்கதையில் அவன் வஞ்சகமும் காமமும் கொடுமையும் கலந்த கள்வன். 1977 முதல் நடந்த தொலைக்காட்சித் தொடரில் செந்நிறச் சட்டையணிந்த கோமாளித்தனம் மிக்க கள்வன். மியாசாக்கி காட்டிய லூப்பன், சிறைப்பட்ட இளம்பெண்ணை மீட்டு, அவள் தழுவ விழைந்தபோதும் தன்னைத் தடுத்துக்கொண்டு நீங்கும் அருளாளன். தம் லூப்பன் இத்துணை நல்லவன் அல்லன் என்னும் கருத்தினராயினும், படத்தின் சிறப்பை மூல ஆசிரியர் ஏற்றார்.

இனி இப்படத்தின் பிற்கால வரலாறு கருதத்தக்கது. தொலைக்காட்சியில் மீண்டும் மீண்டும் ஒளிபரப்பப்பட்டமையால், பின்வந்த தலைமுறையினருள் பலர் லூப்பனை முதன்முதற் கண்டது இப்படத்திலேயே. அவர்க்கு அருளுடைய லூப்பனே இயல்பான லூப்பன். சித்திரக்கதையிற் காணும் கொடியவனே புதியவன். ஈண்டு நூல்வரலாற்றின் முறை உள்ளத்தில் தலைகீழாகின்றது. வழிநூல் முதல்நூலாகின்றது. காண்போர் ‘மூலம்’ எனக் காக்க முற்படுவது காலத்தால் முந்தியதையன்று. தம் நினைவில் முந்தியதையே என்பது இதனாற் பெறப்படும்.

இக்கருத்திற்கு மாறுபோலத் தோன்றும் படமொன்றும் உளது. தாகாஹாஷி ருமிகோ 1978 முதல் எழுதிய ‘உருசெய் யாட்சுரா’ கதையின் இரண்டாம் திரைப்படமாகிய ‘பியூட்டிபுல் டிரீமர்’ 1984இல் வெளிவந்தது. தொலைக்காட்சித் தொடரை நடத்திய ஒஷீ மமோருவே இதனையும் இயக்கினார். குரல் கொடுத்தோரும் அவரே. நினைவிலுள்ள உருவமும் குரலும் மாறவில்லை. எனினும் இரசிகருள் ஒருபகுதியினரும் மூல ஆசிரியரும் இப்படத்தைத் தம் கதையினின்றும் அயலானதாகவே உணர்ந்தனர். காரணம் யாது?

பள்ளி விழாவிற்கு முந்தைய நாள் விடியாமல் மீண்டும் மீண்டும் வருதலே இப்படத்தின் கதை. எல்லாரும் என்றும் இவ்வாறே கூடியிருத்தல் வேண்டும் என்னும் லும் என்பாளின் கனவே அம்மயக்கத்திற்குக் காரணம் எனப் பின்னர்த் தெரியவருகின்றது. இஃது அக்கதையின் இயல்பையே சுட்டும் உள்ளுறையாகும். வாரந்தோறும் வரும் அந்நகைச்சுவைத் தொடரில் பாத்திரங்கள் மூப்படையார், காதல் நிறைவேறாது, நாளை என்பது வாராது. அவ்விளமையின் நிலைபேற்றை நாடியே சுவைஞர் அதனை விரும்பினர். ஒஷீயோ அவ்விருப்பத்தையே ஒரு சிறையாகக் காட்டினார். படம் சிதைத்தது உருவத்தை அன்று. கதைக்கும் சுவைஞர்க்கும் இடையே நிலவிய உடன்பாட்டை. நன்னூலார் கூறும் மரபு என்பதனை இவ்வுடன்பாடு எனக் கொள்ளின், ஈண்டு அழிந்தது மரபே என்க. ஆகவே வெகுண்டோர் படத்தை விளங்கிக்கொள்ளவில்லை என்றல் பொருந்தாது. தம்மைப் பற்றிய படம் அது என்பதை உணர்ந்தமையாலேயே அவர்தம் உள்ளம் நொந்தது எனலும் கூடும். எனவே முன்னர்க் கூறிய கருத்து மறுக்கப்படவில்லை, விரிகின்றது. நினைவு காப்பது பாத்திரத்தின் தோற்றத்தை மட்டுமன்று, அதனோடு தாம் கொண்ட உறவையும் ஆம்.

அண்மைக்காலச் சான்று 2022 டிசம்பரில் வெளிவந்த ‘தி பர்ஸ்ட் சிலாம் டங்க்’. இனோவே தாகேஹிகோ 1990 முதல் 1996 வரை எழுதிய கூடைப்பந்துக் கதையைப் படமாக இயக்கியவர் அவரே. முதனூலாசிரியனே வழிநூலும் செய்யின் சிதைவு என்னும் குற்றச்சாட்டு எழாதென்று நாம் எண்ணுவோம். எழுந்தது. 1993 முதல் 1996 வரை நடந்த தொலைக்காட்சித் தொடரில் குரல் கொடுத்தோர் நீக்கப்பட்டுப் புதியோர் அமர்த்தப்பட்டனர் என்னும் செய்தி 2022 நவம்பரில் வெளியானபோது, படம் திரைக்கு வருமுன்னரே கண்டனம் பெருகியது. ஈண்டு ஆராய்வோன் நின்று நோக்குதல் வேண்டும். சித்திரக்கதைக்குக் குரல் இல்லை. தாளிலுள்ள ஓவியம் பேசாது. ஆதலின் ‘மூலக் குரல் மாறியது’ என்றோர் காத்தது இனோவேயின் நூலை அன்று. பிறர் இயற்றிய தொலைக்காட்சி வழிநூலையே. வழிநூலின் பெயரால் முதனூலாசிரியன் மறுக்கப்பட்டான்.

படம் வெளிவந்தபின் நிகழ்ந்தது மேலும் நோக்கற்பாலது. கண்டனம் பெரிதும் தணிந்தது. ஜப்பானில் மட்டும் வருவாய் 1500 கோடி யென்னைக் கடந்தது. தென்கொரியா, சீனா முதலிய நாடுகளிலும் மக்கள் திரண்டு கண்டனர். வருவாய் சுவையின் அளவுகோல் அன்றாயினும், சினந்தோர் மனம் மாறியதற்கு இருகாரணம் காணலாம். தொலைக்காட்சித் தொடர், கதையின் உச்சமாகிய சான்னோ பள்ளியுடனான ஆட்டத்தை எட்டாமலே நின்றுவிட்டது. இருபத்தாறு ஆண்டுகள் நின்ற அக்குறையைப் படம் நிறைத்தது. இது ‘999’ செய்த பணியே. மற்றொன்று, வேறுபாடு கூறிய திறம். தலைமைப் பாத்திரமாகிய சாகுராகியை ஓரளவு ஒதுக்கி, மூலத்தில் இளமை வரலாறு கூறப்படாத மியாகி ரியோட்டாவை நடுவணாக்கினார் இனோவே. ஒகினாவாவில் பிறந்து, கடலில் அண்ணனை இழந்த இளைஞனாக அவன் காட்டப்படுகின்றான். ஆட்டத்தின் முடிபு மாறவில்லை. அதனைக் காணும் கண்ணே மாறியது. பலகாலும் படித்தோரும் மீண்டும் முதன்முறை காண்பார் ஆயினர்.

அவ்வாட்டத்தின் இறுதி நொடிகளைச் சித்திரக்கதையில் இனோவே ஏறக்குறையச் சொல்லின்றியே வரைந்திருந்தார். படத்திலும் அவ்விடத்தே ஓசை அடங்குகின்றது. குரலைப் பற்றி எழுந்த பூசல், குரலே இல்லாத அக்காட்சியில் முடிவெய்தியது எனலாம். தொலைக்காட்சியின் நினைவைக் கடந்து தாளின் அமைதிக்குக் காண்போரை அழைத்துச் சென்றமையே இப்படத்தின் வெற்றி.

இந்நான்கு படங்களையும் தொகுத்து நோக்குங்கால் சில துணிபுகள் பெறப்படும். மாற்றத்தின் அளவு காண்போர் வெகுளியை அளப்பதன்று. மூலம் என்று அவர் கூறுவது நினைவில் முந்தியதையே ஆம். அந்நினைவில் ஒரு குறை இருந்து அதனைப் படம் நிறைக்குமாயின், பெருமாற்றமும் பொறுக்கப்படும். குறையில்லாவிடத்து, காலம் கடந்தே படைப்பு ஏற்கப்படும். அதற்குள் புதியோர் நினைவில் அதுவே மூலமாகவும் கூடும்.

ஆகவே காண்போர் கருத்தைச் சான்றாகக் கொள்ளப்புகும் ஆராய்ச்சி மாணவர், ‘இவர் எதனை முதலிற் கண்டார்?’ என்னும் வினாவை முதற்கண் எழுப்புதல் வேண்டும். அவ்வினா இன்றித் தொகுக்கப்படும் புகழும் பழியும் படைப்பின் தகுதியைக் காட்டா; தொகுத்தோன் செவியின் அகலத்தையே காட்டும். அவ்வினாவோடு நோக்கின், வெகுண்டோர் சொல்லும் பயனுடைத்து. ஒரு கதை மக்கள் உள்ளத்தில் எந்த வடிவில் குடிகொண்டது என்பதற்கு அவர்தம் சினத்தினும் நேரிய சான்று அரிது.