எடுத்த மார்க், போட்ட மார்க்

நம்ம பிள்ளைகள் மதிப்பெண்ணைப் பற்றிப் பேசும்போது கொஞ்சம் காது கொடுத்துக் கேளுங்கள். நிறைய வந்தால் "நான் 92 எடுத்தேன்" என்பார்கள். குறைந்தால் "அவரு 41தான் போட்டாரு". எடுத்தது தன் உழைப்பு, போட்டது அடுத்தவர் கை. சோறு போடுவது, பிச்சை போடுவது என்கிறோமே, அதே 'போடு'தான். அதனால் ஒரு மதிப்பெண் நியாயமில்லை என்று உறுதியாகத் தெரிந்தாலும் "எதற்காகக் குறைத்தீர்கள்?" என்று கேட்க வாய் வருவதில்லை. "பாத்துப் போடுங்க சார்" என்றுதான் வருகிறது.

இதைக் கூச்ச சுபாவம் என்று தள்ளிவிட முடியாது. என் விமர்சனம் இதுதான்: நம்மிடம் விதிமுறை இருக்கிற இடத்தில் ஆசிரியர் இல்லை, ஆசிரியர் இருக்கிற இடத்தில் விதிமுறை இல்லை.

முதலில் பொதுத்தேர்வு. பிளஸ் டூ முடிவு வந்தபின் விடைத்தாள் நகல் கேட்கலாம், ஒரு பாடத்துக்கு 275 ரூபாய். நகலைப் பார்த்தபிறகு மறுகூட்டலுக்கோ மறுமதிப்பீட்டுக்கோ விண்ணப்பிக்கலாம். மறுமதிப்பீட்டுக்கு 505 ரூபாய். சில ஆண்டுகளாகவே இந்தக் கட்டணம்தான். இந்த உரிமை சும்மா வந்ததல்ல. விடைத்தாளைக் காட்ட மாட்டோம், மறுமதிப்பீடும் கிடையாது என்ற மகாராஷ்டிர வாரியத்தின் விதியை 1984-இல் உச்ச நீதிமன்றம் சரி என்றே சொன்னது. 2011 ஆகஸ்டில்தான், சிபிஎஸ்இ சம்பந்தப்பட்ட வழக்கில், திருத்திய விடைத்தாளும் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி ஒரு 'தகவல்'தான், எழுதியவர் கேட்டால் காட்ட வேண்டும் என்று தீர்ப்பு வந்தது. திருத்தியவர் யார் என்பதை மறைத்துக்கொள்ளலாம். பார்க்கிற உரிமையால் மட்டும் மறுமதிப்பீடு கேட்கிற உரிமை வந்துவிடாது என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது.

நல்ல முன்னேற்றம்தான். ஆனாலும் இங்கே உரையாடல் இல்லை. பணம் கட்டுகிறோம், எண் மாறுகிறது அல்லது மாறவில்லை. ஏன் என்று யாரும் எழுதித் தருவதில்லை. காரணம் சொல்லத் தேவையில்லாத இடத்தில் என்ன நடக்கும் என்பதற்கு அண்ணா பல்கலைக்கழக விவகாரத்தைப் பாருங்கள். 2017 ஏப்ரல்-மே செமஸ்டருக்கு 3,02,380 பேர் மறுமதிப்பீடு கேட்டார்கள். 73,733 பேர் தேர்ச்சி பெற்றார்கள், 16,636 பேருக்கு மதிப்பெண் கூடியது. பணம் வாங்கிக்கொண்டு மார்க் கூட்டினார்கள் என்று 2018 ஆகஸ்டில் ஊழல் தடுப்புப் பிரிவு வழக்குப் பதிந்தது. அந்தப் புகாரை ஒரு பக்கம் வையுங்கள். விண்ணப்பித்தவர்களில் ஏறத்தாழ நாலில் ஒருவர் தேர்ச்சி ஆகிறார் என்றால் முதல் மதிப்பீடு தவறா, இரண்டாவது தவறா? ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு வரி காரணம் எழுதியிருந்தால் நேர்மையான மாணவர் மீது சந்தேகம் விழுந்திருக்காது.

அடுத்தது அக மதிப்பெண். பல கலைக் கல்லூரிகளில் நூற்றுக்கு 25 வகுப்பாசிரியர் கையில். கேட்க வேண்டிய ஆள் எதிரிலேயே நிற்கிறார், ஆனால் கேட்க வழி இல்லை. கேட்டால் அடுத்த செமஸ்டரிலும் அதே ஆசிரியர்தான். குடும்பத்தில் முதல் ஆளாகக் கல்லூரிக்கு வந்த பெண் எதற்கு வம்பு என்று விட்டுவிடுகிறாள். வீட்டில் படித்தவர்கள் இருக்கிற பையன் மட்டும் அப்பாவைக் கூட்டிவந்து பேசிப் பார்க்கிறான். ஆக, கேட்கிற தைரியம்கூட இங்கே ஒரு வசதிதான்.

வைத்துப் பார்த்துப் பேசுவதெல்லாம் நடக்கிற காரியமா என்பவர்கள் ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை பக்கம் வரலாம். இந்த வட்டாரமே தோலுக்குத் தரம் பிரித்துப் பிழைக்கிறது. டேனரியில் 'செலக்‌ஷன்' என்பார்கள். உரிக்கும்போது விழுந்த கத்தி வெட்டு, உண்ணி கடித்த தழும்பு, முள் கீறல் எல்லாம் பார்த்துப் பிரிப்பார்கள். தரம் ஒரு படி இறங்கினால் விலையும் இறங்கும். வாங்குபவர் குறைத்துச் சொன்னால் விற்பவர் தோலை வெளிச்சத்தில் விரித்து "எங்க இருக்கு, காட்டுங்க" என்று கேட்கலாம். குறை சொன்னவர் விரல் வைத்துக் காட்ட வேண்டும். பெரிய பையர் சொன்னதற்கெல்லாம் தலையாட்டுகிற சின்ன டேனரிகளும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் பேச்சு நடப்பது தோலை நடுவில் வைத்துத்தான்.

ஒரு ஆட்டுத்தோலுக்குக் கிடைக்கிற இந்த மரியாதை, அதை ஷூவாகத் தைக்கிற அம்மாவின் மகள் எழுதிய அசைன்மென்ட்டுக்கு ஏன் கிடைக்கக் கூடாது?

ஆசிரியர் பக்கமும் நியாயம் உண்டு. கட்டுக்கட்டாகத் தாள், அதற்கு நடுவே "ரெண்டு மார்க் சேத்துப் போடுங்க மேடம்" என்று வரிசை. அவர் எரிச்சல் புரிகிறது. ஆனால் காரணத்தோடு கேட்க நாம் சொல்லித்தராததால்தான் பிள்ளைகள் கெஞ்சுகிறார்கள்.

கெஞ்சுவதற்கும் கேட்பதற்கும் வித்தியாசம் சின்னதுதான். "பாஸ் பண்ணி விடுங்க மேடம், வீட்ல கஷ்டம்" என்பது கெஞ்சல். "மேடம், நாலாவது கேள்விக்கு அஞ்சுக்கு ரெண்டு வந்திருக்கு. வரைபடமும் விளக்கமும் எழுதியிருக்கேன். எது விட்டுப்போச்சுன்னு சொல்லுங்க" என்பது கேள்வி. முதலாவதில் ஆசிரியரின் மனசு பதில் சொல்ல வேண்டும். இரண்டாவதில் விடைத்தாளே பதில் சொல்லிவிடும்.

கல்லூரிகள் செய்ய வேண்டியதும் பெரிதில்லை. அகத்தேர்வுத் தாளைக் கேள்விவாரியாக மார்க் போட்டுத் திருப்பிக் கொடுக்க வேண்டும். ஒரு வாரம் கேட்க நேரம். ஒத்துவரவில்லை என்றால் அதே துறையில் இன்னொருவர் பார்க்க வேண்டும். குறைத்தாலும் கூட்டினாலும் தாளின் ஓரத்தில் ஒரு வரி காரணம். இதற்குக் கட்டணமும் வேண்டாம், நீதிமன்றமும் வேண்டாம்.

அப்படிக் கேட்டும் 41 அப்படியே 41-ஆக நிற்கலாம். நிற்கட்டுமே. ஏன் 41 என்று தெரிந்துகொண்டு போகிற பெண், அடுத்த முறை அதை எங்கே சரிசெய்வது என்பதையும் தெரிந்துகொண்டுதான் போகிறாள்.