புறநானூறு காட்டும் போர்: பெண்டிரும் விலங்கும்

1894இல் உ. வே. சாமிநாதையர் புறநானூற்றைப் பதிப்பித்து வெளியிட்ட காலந்தொட்டு, அந்நூல் பெரும்பாலும் வேந்தரதும் வீரரதும் புகழேடாகவே வாசிக்கப்பட்டு வந்துள்ளது. போரின் சுமையைத் தாங்கிய பெண்டிரும் விலங்குகளும் இவ்வாசிப்பிற் பின்னணியாகவே எஞ்சினர். பாடல்களோ இதற்கு மாறான சான்றுகளைத் தருகின்றன.

ஒக்கூர் மாசாத்தியாரின் 279ஆம் பாடலை நோக்குவோம். முன்னாட் போரிற் கணவனை இழந்தவள், இன்று ஒரே மகனின் கையில் வேல் கொடுத்துக் களத்துக்கு அனுப்புகிறாள். 'வீரத்தாய்' என்னும் மேடைச் சொல்லுக்கு இப்பாடலே ஆதாரமாகக் காட்டப்படுவதுண்டு. ஆனால், அவளது துணிவைக் கண்டு திடுக்கிடும் சொற்களோடேயே பாடல் தொடங்குகின்றது என்பது மனங்கொள்ளத்தக்கது. வியப்பும் அச்சமும் ஒருங்கே கலந்த அக்குரலிலிருந்து வியப்பை மாத்திரம் பிரித்தெடுப்பது ஆய்வாகாது.

அரிசில்கிழாரின் 281ஆம் பாடலில் இன்னொரு நிலையைக் காண்கிறோம். காயமுற்றவனைக் காக்கும் மகளிர் மனையில் வேப்பந்தழை செருகுகின்றனர், வெண்சிறுகடுகு தூவுகின்றனர், காஞ்சி பாடி நறும்புகை எழுப்புகின்றனர். களம் ஓய்ந்த பின்னும் ஓயாத இவ்வுழைப்பை 'வீரத்தாய்' என்னும் சொல் உள்ளடக்குவதில்லை.

விலங்குகளின் நிலை யாது? தும்பைத்திணையிலே தானை, யானை, குதிரை ஆகிய மூன்றையும் தொல்காப்பியம் ஒருசேர வைக்கின்றது. சேர சோழ மன்னர் இருவரும் மடிந்த களத்தைப் பாடும் பரணர் (63), அம்புபட்டு ஒழிந்த யானைகளையும் வீரரோடு மாண்ட குதிரைகளையும் முதலிலே கூறி, மன்னர்தம் வீழ்ச்சியைப் பின்னரே கூறுகிறார். எனினும், விலங்கின் துயர் அதன் பொருட்டே பாடப்பட்டது எனக் கொள்ளல் மிகையாகும். பொன்முடியாரின் 312ஆம் பாடலில், யானையை வீழ்த்தி மீள்வதே இளைஞனின் கடனாகின்றது. அங்கு யானையின் சாவு வீரத்தின் அளவுகோலாக மட்டுமே அமைகின்றது.

இவ்விரு சாராரையும் ஒருங்கே இணைப்பது எருமை வெளியனாரின் 273ஆம் பாடலாகும். ஏனையோரின் குதிரைகள் யாவும் மீண்டுவிட்டன. தன் வீட்டுச் சிறுவனின் தந்தை ஊர்ந்து சென்ற குதிரை மட்டும் வரவில்லை என்று ஒருத்தி ஏங்குகிறாள். இரண்டு ஆறுகள் கூடுமிடத்து நின்ற பெருமரம் சாய்ந்ததுபோல் அதுவும் சாய்ந்ததோ என்பது அவளது ஐயம். கணவனின் சாவை அவள் வாய்விட்டுக் கூறவில்லை. குதிரையின் வீழ்ச்சியே அதனை உணர்த்துகின்றது. திணை துறை வகுத்தோர் இதனைக் 'குதிரை மறம்' என்றனர். அத்தலைப்பு குதிரையை நினைவிற் கொண்டது. வாயிலிற் காத்து நின்றவளை மறந்தது. அவளையும் கண்டறியும் வாசிப்பே புறப்பாடல்களுக்கு நீதி செய்வதாகும்.