தானாக வந்தது

“தானாக வந்தது” என்று சொல்லிக்கொள்வதில் எழுதுகிறவர்களுக்கு ஒரு தனிப் பெருமை. ஒரே மூச்சில் எழுதினேன், ஒரு வார்த்தை கூடத் திருத்தவில்லை என்று ஒரு கதாசிரியன் சொன்னால் கேட்கிறவர்கள் வாயைப் பிளக்கிறார்கள். உண்மையில் நமக்கு அந்த நிர்ப்பந்தமே கிடையாது. அடிக்கலாம், கிழிக்கலாம், புரூப் வந்த பிறகும் மாற்றலாம். திருத்தவே முடியாத கலை ஒன்று உண்டு. ‘ஷொதோ’ என்று ஜப்பானியர் சொல்லும் தூரிகை எழுத்து அது. காகிதம் மையை உறிஞ்சிக்கொண்டுவிடுகிறது. கை தயங்கிய இடம் தயக்கமாகவே தெரியும். மேலே தீட்டி மறைத்தால் மறைத்ததும் தெரியும். தானாக வருவது என்றால் என்னவென்று யோசிக்கிறவர்கள், அந்தக் கலையில் இனோவே யூயிச்சி என்பவர் நடந்த பாதையைச் சற்றுப் பார்ப்பது நல்லது.

இனோவே 1916-ல் டோக்கியோவில் பிறந்தார். 1935-ல் ஆரம்பப் பள்ளி ஆசிரியரானார். ஓவியராக வேண்டும் என்பதுதான் முதலில் இருந்த ஆசை. பள்ளிக்கூடம் விட்ட பிறகு ஓவியம் பயின்றும் பார்த்தார், கைகூடவில்லை. 1941-ல் உவேதா சோக்யூ என்ற எழுத்துக்கலை ஆசானிடம் போய்ச் சேர்ந்தார். பழைய மகான்களின் எழுத்தைப் பார்த்துப் பார்த்து, அதே வளைவு அதே அழுத்தம் வரும்வரை எழுதுவதுதான் அந்தக் கல்வியின் அடிப்படை. சொந்தச் சரக்குக்கு அங்கே அவசரமில்லை.

நடுவில் யுத்தம் வந்தது. 1945 மார்ச் 10-ம் தேதி நள்ளிரவுக்குப் பிறகு அமெரிக்க பி-29 விமானங்கள் டோக்கியோவின் மீது தீக்குண்டுகளைக் கொட்டின. ஒரே இரவில் சுமார் ஒரு லட்சம் பேர் மாண்டார்கள். இனோவே வேலை பார்த்த யோகோகாவா பள்ளியில் அடைக்கலம் புகுந்தவர்களில் சுமார் ஆயிரம் பேர் வெந்து மடிந்தார்கள். அவரும் அங்கேதான் இருந்தார். நினைவிழந்து பிணம்போல் கிடந்தவரை எப்படியோ உயிர்ப்பித்தார்கள். அப்போது அவருக்கு வயது 29.

இப்படி ஓர் அனுபவம் வாய்த்தால் நாவலாசிரியன் என்ன செய்வான்? காயம் ஆறுவதற்குள் பேனாவை எடுத்துவிடுவான். இனோவே அப்படிச் செய்யவில்லை. மறுபடியும் பள்ளிக்கூடம், மறுபடியும் தூரிகை என்று இருந்தார்.

1952-ல் மோரிட்டா ஷிர்யூ முதலிய நால்வருடன் சேர்ந்து ‘போகுஜின்-காய்’ என்ற சங்கத்தைத் தொடங்கினார். மை மனிதர்களின் சங்கம் என்று சொல்லலாம். ஆசான்களின் பிடியிலிருந்தும் பரிசுப் போட்டிகளிலிருந்தும் எழுத்துக்கலையை விடுவிக்க வேண்டும் என்பது அவர்கள் நோக்கம். மேல்நாட்டு அரூப ஓவியர்களையும் அவர்கள் கவனித்து வந்தார்கள். மோரிட்டா 1951-ல் ஆரம்பித்த ‘போகுபி’ பத்திரிகையின் முதல் இதழிலேயே அமெரிக்க ஓவியர் ஃப்ரான்ஸ் க்ளைனின் கறுப்பு வெள்ளைச் சித்திரம் இடம் பெற்றது.

விடுதலை வேகத்தில் இனோவே 1955-ல் எழுத்தையே தூக்கி எறிந்தார். மைக்குப் பதில் எனாமல் வர்ணம். எழுத்தின் உருவமே இல்லாத வெறும் வீச்சுகள். அந்தச் சித்திரங்களில் ஆவேசம் இருக்கிறது, வலுவும் இருக்கிறது. ஆனால் கொஞ்ச நேரம் பார்த்ததும் மனசில் ஓர் அலுப்புத் தட்டுகிறது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். கை எங்கே வேண்டுமானாலும் போகலாம் என்று ஆனபின், அது எங்கே போனாலும் ஒன்றுதான். கரை இல்லாத இடத்தில் வெள்ளம் வந்தால், வெள்ளம் என்று எதை வைத்துச் சொல்வது?

இது அவருக்கே பட்டிருக்க வேண்டும். மறு வருஷமே எழுத்துக்குத் திரும்பினார். 1956-ல் ‘குதெட்சு’ என்ற இரண்டு எழுத்துக்களை எழுதினார். முதல் எழுத்துக்கு மடமை என்று பொருள். இரண்டாவதற்கு ஊடுருவிக் கடைசிவரை செல்வது என்று பொருள். மூடனாகவே இருந்து முடிவுவரை போவது என்று நாம் எடுத்துக்கொள்ளலாம். 1957-ல் பிரேசிலில் ஸாவோ பாவ்லோ கண்காட்சிக்கு அது போயிற்று. ஆங்கில விமரிசகர் ஹெர்பர்ட் ரீட் 1959-ல் வெளியிட்ட நவீன ஓவிய வரலாற்றில் அதைச் சேர்த்துக்கொண்டார். உலகப் பிரசித்தி வந்தும் இனோவே பள்ளிக்கூட வேலையை விடவில்லை. 1976-ல் ஓய்வு பெறுகிறவரையில் அதுதான் சோறு போட்டது.

அவர் திரும்பத் திரும்ப எழுதிய எழுத்து ஒன்று உண்டு: ‘ஹின்’. வறுமை என்று அர்த்தம். மேலே பிரிப்பதைக் குறிக்கும் பாகம்; கீழே செல்வத்தைக் குறிக்கும் சிப்பி. அச்செழுத்தில் அதன் அடியில் இரண்டு சிறு கோடுகள் சாதுவாக நிற்கும். இனோவேயின் கையில் அவை கால்களாகிவிடுகின்றன. தலையில் கூரைபோல் எதையோ கவிழ்த்துக்கொண்டு ஒரு மனிதன் காலை அகட்டி வைத்து நடக்கிறான். வறுமையில் வாடுகிறவனாகத் தோன்றவில்லை. அதைத் தன் வீடாகவே தூக்கிக்கொண்டு போகிறவனாகத் தோன்றுகிறான். ஜப்பானிய எழுத்துத் தெரியாதவருக்கும் அந்த நடை தெரியும். பொருள் தெரிந்து பார்த்தாலோ நெஞ்சில் சுருக்கென்கிறது. எனாமல் வீச்சுகளில் கிடைக்காத உயிர், ஒரு பழைய எழுத்தின் கட்டுக்குள் நின்றபோது கிடைத்திருக்கிறது.

இது ஒரு கணத்தில் நேர்ந்ததுதான். தரையில் பெரிய காகிதம், உடம்பு முழுவதையும் இழுக்கும் கனமான தூரிகை, சில விநாடிகள். அந்த விநாடிகளுக்குப் பின்னால் இருப்பதை மறந்துவிடக் கூடாது. 8-ம் நூற்றாண்டுச் சீனத்து யான் ஜென்சிங்கின் கல்வெட்டு எழுத்தை மாணவனைப்போல் உட்கார்ந்து பிரதி செய்தவர் அவர். ஒரே எழுத்தைத் தாள் தாளாக எழுதி, மனசுக்கு ஒத்ததை மட்டும் வைத்துக்கொண்டு மிச்சத்தை எரித்துவிடுவார். ஆக, திருத்தம் என்பது அவரிடமும் இருந்தது. நாம் சொல்லை அடிக்கிறோம். அவர் தாளையே நெருப்பில் போட்டார்.

கடைசியில் 1978-ல் அந்த இரவு வந்தது. ‘ஐயோ, யோகோகாவா பள்ளிக்கூடமே!’ என்று பொருள்படும் தலைப்பில், நடந்ததை ஒரே தாளில் எழுதினார். அழகெழுத்து என்று அதைச் சொல்ல முடியாது. எழுத்துக்கள் பெருக்கின்றன, சிறுக்கின்றன, ஒன்றையொன்று நெருக்கித் தள்ளுகின்றன, மை சொட்டுகிறது. வாசலை நோக்கி முண்டியடிக்கும் ஜனக் கூட்டத்தைப்போல வரிகள் இருக்கின்றன. என் அபிப்பிராயத்தில் அவருடைய சிருஷ்டிகளில் தலையானது இதுதான். ‘குதெட்சு’வில் ஒரு கலைஞனின் வைராக்கியம் தெரிகிறது. இதில் கலைஞன் என்கிற நினைப்பே இல்லை, செத்தவர்கள்தான் இருக்கிறார்கள்.

தூரிகை ஓடிய நேரம் கொஞ்சம்தான். அதற்குக் கை பழக 37 வருஷம், அந்த இரவு பழுக்க 33 வருஷம். 1985-ல் இனோவே காலமானார். நம்மிடையே இனி யாராவது “தானாக வந்தது” என்று ஒரு கதையை நீட்டினால், சந்தோஷமாக வாங்கிக்கொள்வோம். எத்தனை வருஷமாக வந்துகொண்டிருந்தது என்று மட்டும் கேட்டு வைப்போம்.