எல்லாப் பாடமும் ஒரே வளாகத்தில்

எழும்பூர் அரசு அருங்காட்சியகத்துக்குப் போகலாமா என்று யாராவது கேட்டால் போதும், எனக்குக் கால் தரையில் பாவாது. வரலாறு, மொழி, சிற்பம், நாணயம், பாறை, பறவை, திமிங்கிலம் எல்லாம் பாந்தியன் சாலையின் ஒரே மதிலுக்குள் இருக்கின்றன. ஒரு துறையை நம்பி உள்ளே நுழைந்தால், அதுவே நம் கையைப் பிடித்து அழைத்துப்போய் அடுத்த துறையின் வாசலில் விட்டுவிடுகிறது. இந்தச் சுகத்துக்கு ஈடாக இன்னொன்றை நான் அனுபவித்ததில்லை.

அமராவதிச் சிற்பங்களையே எடுத்துக்கொள்ளுங்கள். கிருஷ்ணா நதிக்கரையில் இருந்த மாபெரும் பௌத்தத் தூபியின் பலகைகளும் தூண்களும் இவை. முதலில் தாமரைகளைத்தான் பார்ப்பேன். அடுக்கடுக்காக விரிந்த இதழ்களை இவ்வளவு பொறுமையாகச் செதுக்கியவர்கள் குளக்கரையில் எத்தனை நேரம் உட்கார்ந்திருப்பார்கள்! தொடக்ககாலப் பலகைகளில் புத்தரின் உருவம் இராது. பாதச்சுவடு, வெற்று அரியணை, போதிமரம் ஆகியவைதாம் அவரைச் சுட்டும். இது சமய வரலாறு. இளம்பச்சை கலந்த அந்த வெண்கல், ஆந்திரத்தின் பல்நாட்டுப் பகுதிச் சுண்ணாம்புக்கல். இது நிலவியல். தூபிக்குக் கொடை தந்தவர்களின் பெயர்கள் பிராமி எழுத்தில், பிராகிருத மொழியில் வெட்டப்பட்டன. இது மொழியியல். அமராவதியில் கிடைத்த கல்வெட்டு ஒன்று, தமிழன் கண்ணன் என்பவரும் அவருடைய உடன்பிறந்தாரும் அளித்த கொடையைச் சொல்கிறது. ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் நம்மூர்க்காரர் ஒருவர் அங்கே பெயர் பொறித்திருக்கிறார் என்று முதன்முறை படித்தபோது எனக்கு மெய்சிலிர்த்துவிட்டது.

ஆதிச்சநல்லூர்ப் பொருள்களின் முன்னால் நின்றால் நேரம் போவதே தெரியாது. தாமிரபரணிக் கரையின் அந்தப் பறம்பில் 1899 முதல் 1905 வரை அலெக்சாண்டர் ரீ அகழ்ந்து எடுத்தவை இங்கே வந்து சேர்ந்தன. முதுமக்கள் தாழிகள், இரும்பு ஆயுதங்கள், பொன்னாலான நெற்றிப்பட்டங்கள் எல்லாமே அருமை. எனக்குப் பிடித்தவை வெண்கலக் கலன்கள். அவற்றின் மூடிகளில் எருமையும் பறவையும் நிற்கின்றன. இறந்தவரோடு புதைத்த பாத்திரத்தில்கூடத் தம் வயலின் உயிர்களை வைத்து அழகு பார்த்திருக்கிறார்கள். பானைகளில் நெல் உமியும் தினை வகைகளின் உமியும் இருந்ததாக ரீ எழுதிவைத்திருக்கிறார். தொல்லியலைப் பார்க்கப் போன எனக்கு, அந்த உமி வேளாண்மையையும் தாவரவியலையும் தேடிப் படிக்கும் ஆசையை ஏற்படுத்திவிட்டது.

நாணயங்களும் அப்படித்தான். ரோமப் பேரரசர்கள் அகஸ்டஸ், டைபீரியஸ் முகம் பதித்த வெள்ளிக்காசுகள் கொங்கு நாட்டு மண்ணில் குவியல் குவியலாகக் கிடைத்தன. ரோமாபுரிக்கும் கோயம்புத்தூர்ப் பக்கத்துக்கும் என்ன உறவு என்று கேட்டால், மிளகு ஒரு பதில், கல் இன்னொரு பதில். காங்கேயத்துக்கு அருகில் படியூரில் பெரில் என்னும் மணிக்கல் விளைந்தது. கொடுமணலில் மணிக்கற்களை அறுத்துத் தீட்டும் பட்டறைகள் இருந்தன. ரோமச் சீமாட்டியின் நகையும் நொய்யல் கரைத் தொழிலாளியின் உழைப்பும் ஒரு சின்ன வெள்ளிக்காசில் சந்திக்கின்றன. அந்தக் கணக்கு புரிந்த பிறகு, காசைப் பார்த்தாலே கனிமவியல் புத்தகத்தைத் தூக்கத் தோன்றுகிறது.

பல்லாவரத்தின் பெருமையை எத்தனை பேர் அறிவார்கள்? புறநகர் ரயிலில் நாம் அலட்சியமாகக் கடந்துபோகும் அந்த ஊரில்தான், 1863 மே 30 அன்று, நிலவியலாளர் இராபர்ட் புரூஸ் ஃபூட் பழைய கற்காலக் கருவி ஒன்றைக் கண்டெடுத்தார். இந்தியத் தொல்பழங்கால ஆய்வு அந்தக் கல்லில் தொடங்குகிறது. அதே ஆண்டில் அவரும் வில்லியம் கிங்கும் அத்திரம்பாக்கத்துக்குப் போனார்கள். அங்குள்ள கருவிகள் ஏறத்தாழ 15 லட்சம் ஆண்டுப் பழமை கொண்டவை என்று சாந்தி பப்புவின் குழு 2011இல் வெளியிட்டது. ஃபூட் வாழ்நாளெல்லாம் திரட்டிய கருவிகளை இந்த அருங்காட்சியகம் 1904இல் வாங்கியது. பல்லாவரத்துக்குப் பாறையாலும் புகழ் உண்டு. கல்கத்தாவில் ஜாப் சார்னாக்கின் கல்லறைமேல் கிடக்கும் பலகையின் கல்லுக்கு அவர் பெயரால் சார்னோகைட் என்று பெயர் வைத்தார் தாமஸ் ஹாலண்ட். அந்தக் கல் நம் பல்லாவரம், பரங்கிமலைப் பகுதிப் பாறைதான்!

செப்புத் திருமேனிகளுக்கு வருவோம். மெழுகில் உருவம் செய்து, மேலே மண் பூசி, சூடேற்றி மெழுகை வடித்துவிட்டு, அந்த வெற்றிடத்தில் உருக்கிய உலோகத்தை ஊற்றுகிறார்கள். ஆறியதும் மண்ணை உடைத்தால்தான் சாமி வெளியே வரும். ஆகையால் ஒரு வார்ப்புக்கு ஒரு திருமேனிதான். இந்த வேதியியலிலிருந்துதான் திருவாலங்காட்டு நடராசரின் அந்த ஆட்டம் பிறந்தது. இங்குள்ள நடராசர்களின் புகைப்படங்களைப் பார்த்தே உருகிப்போய்ப் பிரெஞ்சுச் சிற்பி ரோதான் ஒரு கட்டுரை எழுதினார். அது 1921இல் வெளிவந்தது. படத்தைப் பார்த்தவருக்கே அப்படியென்றால், நேரில் நிற்கிற நாம் எவ்வளவு கொடுத்துவைத்தவர்கள்!

இந்த இடத்தை உருவாக்கியவர்களின் கதை தெரிந்த பிறகு என் காதல் இரு மடங்காயிற்று. 1851இல் இது தொடங்கியபோது பொறுப்பேற்ற எட்வர்ட் பால்ஃபர் ஒரு மருத்துவர். உயிருள்ள விலங்குகளையும் இங்கே வைத்துக் காட்டியவர் அவர். பிறகு அவை பீப்பிள்ஸ் பார்க்குக்குப் போயின. பழைய சென்னைவாசிகள் அதை உயிர் காலேஜ் என்றும் இதைச் செத்த காலேஜ் என்றும் சொல்லுவார்கள். பால்ஃபர் 1857இல் இந்தியா பற்றிய கலைக்களஞ்சியத்தையும் தொகுத்தார். பின்னாளில் கண்காணிப்பாளராக இருந்த ஜே. ஆர். ஹெண்டர்சன் நண்டினங்களில் வல்லுநர். அவரே ஹைதர் அலி, திப்பு சுல்தான் நாணயங்களைப் பற்றி நூல் எழுதினார். எஃப். எச். கிரேவ்லி சிலந்திகளையும் வண்டுகளையும் ஆராய்ந்தவர். அவர் டி. என். இராமச்சந்திரனுடன் சேர்ந்து 1932இல் இங்குள்ள உலோகத் திருமேனிகளின் விளக்கப்பட்டியலை வெளியிட்டார். பூச்சியின் காலையும் கொடுக்கையும் வரி வரியாக ஒப்பிட்டுப் பழகிய கண், சாமியின் கையிலுள்ள சங்கு சக்கரத்தையும் அதே கூர்மையோடு பார்த்திருக்கிறது. ஒரு துறையில் பழகிய கண் இன்னொரு துறையில் வீண்போகாது என்பதற்கு இதைவிட அழகான சாட்சி எனக்குத் தெரியாது.

விலங்கியல் பிரிவின் திமிங்கில எலும்புக்கூட்டுக்குக் கீழே நிற்கும்போது இந்த எண்ணம்தான் எனக்குள் பொங்கும். அதன் துடுப்புக்குள் நம் கையைப் போலவே விரலெலும்புகள் இருக்கின்றன. எலும்பைப் படித்தவருக்கு அது நம் உறவினர் என்று தெரியும்.

வெள்ளிக்கிழமை விடுமுறை. மற்ற நாள்களில் காலையிலேயே போய்விடுங்கள். உங்களுக்கு எதுவும் தெரியாத துறையின் கூடத்தில் தொடங்குங்கள், வியப்பு அங்கேதான் மிகுதி. பிள்ளைகளைக் கட்டாயம் அழைத்துப் போங்கள். பத்தாம் வகுப்பு முடிந்ததும் ஃபர்ஸ்ட் குரூப்பா, காமர்ஸா என்று நாம் அவர்களைக் கேட்கத்தான் போகிறோம். அதற்கு முன்னால், எல்லாப் பாடமும் அவர்களுக்குச் சொந்தம் என்பதை அந்தக் கூடங்களில் நடந்து நடந்து அவர்களே தெரிந்துகொள்ளட்டும்.