விறாந்தையின் அரைச்சுவர்

போலோஞ்ஞா என்று பேச்செடுத்தால் சான் லூகா குன்றுக்கு ஏறுகிற அந்த 666 வளைவுகளைத்தான் எல்லாரும் எடுத்துவைப்பார்கள். அழகுதான். ஆனால் அது யாத்திரைக்காரருக்குக் கட்டியது, வீட்டுக்காரருக்கு அல்ல. எனக்குப் பிடித்தது ஊருக்குள்ளே வீட்டு முகப்புகளை ஒட்டி ஓடுகிற போர்த்திகோ. பல்கலைக்கழகத்துக்கு வந்து குவிந்த சனத்துக்கு இடம் போதாமல், மேல்வீட்டைத் தெருப்பக்கம் தள்ளிக் கட்டி, அதைத் தாங்கத் தூண் வைத்ததில் பிறந்த சங்கதி அது. 1288இல் நகரசபை அதையே சட்டமாக்கியது. புதிதாக வீடு கட்டுகிறவன் முன்னால் போர்த்திகோ வைத்தே ஆக வேண்டும். குதிரையில் வருகிறவன் தலை இடிக்காமல் போக ஏழு போலோஞ்ஞா அடி, அதாவது 2.66 மீற்றர் உயரம். நிலம் வீட்டுக்காரனுடையது, பராமரிப்பும் அவன் பொறுப்பு, நடக்கிற உரிமை ஊருக்கு. யுனெஸ்கோ 2021இல் அதைப் பட்டியலில் சேர்த்தபோது மொத்தம் 62 கிலோமீற்றர் என்று எழுதினார்கள். கல்முனைக்குடியில் வளர்ந்தவன் கண்ணுக்கு அது 62 கிலோமீற்றர் விறாந்தை.

எங்கள் கிழக்கிலங்கைக் கரையில் இப்படி ஒரு சட்டத்தை யாரும் எழுதி வைக்கவில்லை. மருதமுனையிலிருந்து அக்கரைப்பற்று வரை பழைய வீடுகள் எல்லாம் ஒரே ஒழுங்குதான்: கடப்படி, மணல் முற்றம், விறாந்தை. மாரி மழை பிடித்துக்கொண்டால் ரோட்டால் போகிறவன் யார் வீடென்று பார்க்காமல் ஏறி ஒதுங்குவான். உள்ளேயிருந்து ஒரு மூத்தம்மாவின் குரல் வரும்: "இரி மகன், மழை விடட்டும்." யாருடைய மகன், என்ன குடி, எங்கே கலியாணம் முடித்தது என்ற விசாரணை அதற்குப் பிறகு. அது முடிவதற்குள் தேத்தண்ணி வந்துவிடும்.

அந்த விறாந்தையிலும் என் கண் தூணுக்குப் போகாது, கள்ளிக்கோட்டை ஓட்டுக்கும் போகாது. அரைச்சுவருக்குத்தான் போகும். வீட்டைப் பார்க்கப் போனால் முதலில் அதில் இருந்து பார்ப்பேன், பிறகுதான் வீடு. ஒன்றரை அடிக்கு மேல் உயரக்கூடாது. பெரியவர் இருந்தால் பாதம் தரையில் படிய வேண்டும், சிறுபிள்ளை இருந்தால் கால் ஆட வேண்டும். ஒன்பது அங்குலச் சுவரில் இருக்கலாம், பகல் சோற்றுக்குப் பிறகு சரிய முடியாது. கைதேர்ந்த மேசன் மேல் வரியை இரண்டு பக்கமும் இரண்டிரண்டு அங்குலம் வெளியே தள்ளிக் கட்டுவார். அதில் ஒரு ஆள் தூணுக்குத் தலை கொடுத்து நீட்டி நிமிர்ந்து படுக்கலாம், முதுகு இறங்காது. விளிம்பைக் கூராக விடக்கூடாது, தொடைக்கடியில் அறுக்கும். கரண்டியின் வயிற்றால் இழுத்து இழுத்து அதை உருட்ட வேண்டும். பூச்சு ஈரம் காயுமுன் சிவப்புத் தூள் கலந்த சிமெந்தைப் போட்டு, முகம் தெரிகிற அளவுக்குத் தேய்க்க வேண்டும். பிறகு வருடக்கணக்கில் பெருநாளுக்குப் பெருநாள் மென்சன் பொலிஷும் தேங்காய்ப் பொச்சும். வெனிசில் ஒலிவெட்டி கடையின் படிக்கட்டில் கார்லோ ஸ்கார்ப்பா ஒவ்வொரு கல்லின் விளிம்புக்கும் மினக்கெட்டதைப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். அரைச்சுவர் விளிம்பை உருட்டிவிட்டு, அதில் தானே இருந்து பார்த்து, திருப்திப்படாமல் உடைத்துத் திரும்பப் பூசிய மேசனை எங்கள் ஒழுங்கையில் நான் கண்டிருக்கிறேன். கூலி ஒரு நாளுக்குத்தான் வாங்கினார்.

புளோரன்ஸ்காரர்களுக்கு இது விளங்கும். மெடிச்சி மாளிகையைப் பார்க்கப் போகிறவர்கள் மிக்கெலொட்சோவின் முரட்டுக் கல் முகப்பையும் மேலே உள்ள பெரிய கொடுங்கையையும் அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலிக்க வருவார்கள். கீழே பார்க்க வேண்டும். சுவரின் அடியில், தெருவைப் பார்த்தபடி ஒரு கல் வாங்கு ஓடுகிறது. ஸ்த்ரொட்சி மாளிகைக்கும் உண்டு, அல்பேர்ட்டி வரைந்த ருச்செல்லாய் மாளிகைக்கும் உண்டு. காசு கேட்க வந்தவன், சிபாரிசுக்கு வந்தவன், சும்மா வெயிலுக்கு ஒதுங்கியவன் எல்லாரும் இருந்தது அதில்தான். எத்தனை பேர் காத்திருக்கிறார்கள் என்பது மாளிகைக்காரரின் கௌரவக் கணக்கு. வயல் சொந்தக்காரரான எங்கள் போடியார்மாரின் அரைச்சுவரும் அந்தக் கணக்கில் சேர்ந்ததுதான். வட்டை விதானை வந்து இருப்பார், வரம்பு வெட்டினவனும் வெட்டுப்பட்டவனும் ஆளுக்கொரு மூலையில் இருப்பார்கள், போடியார் சாய்மனைக் கதிரையில். தீர்ப்பு உள்ளே போய்ச் சொல்லப்படுவதில்லை. ரோட்டுக்குக் கேட்க வேண்டும்.

ஆனால் ஒரு வித்தியாசம். புளோரன்சில் வாங்குக்குப் பின்னால் இருந்த வீடு ஆண்பிள்ளை வழி போகும். இங்கே வீடு பெண்ணுக்கு. மூத்தவளுக்குத் தாய்வீடு, தாயும் தகப்பனும் பின்னால் ஒரு குசினியோடு ஒதுக்கம், அடுத்தவளுக்கு அதே வளவில் இன்னொரு வீடு, கடைக்குட்டிக்கு மூலையில் மிஞ்சின துண்டு. மேற்கே வயல், நிரப்பச் சட்டம் விடாது. கிழக்கே கடல். இப்படி இரண்டு மூன்று தலைமுறை போனால் வளவு வீடுகளாகி, வீடுகளுக்கிடையில் மிஞ்சிய நடைபாதை ஒழுங்கையாகி, இரண்டு பேர் எதிர்ப்பட்டால் ஒருவர் சரிந்து வழிவிடுகிற கல்முனைக்குடி கிடைக்கும். நகர அமைப்புப் படித்து வந்த பிள்ளைகள் இதை நெரிசல் என்று அறிக்கை எழுதுகிறார்கள். வெனிசில் இதே அகலத்து ஒழுங்கையில் நுழைந்து படம் பிடித்து வந்து காட்டுவதும் அதே பிள்ளைகள்தான்.

அந்த வீட்டில் மருமகன் வந்து சேர்ந்தவன். அறைகளும் குசினியும் பெண்டுகளின் ஆட்சி, அவனுக்கு வாய்த்தது விறாந்தை. வாப்பா காலையில் அரைச்சுவரில் இருந்து பத்திரிகை பார்ப்பார், இரவு இஷாத் தொழுது வந்து அதே இடத்தில் இருந்து ரேடியோ கேட்பார். அது அவருடைய கந்தோர் என்று உம்மா பகிடி பண்ணுவா.

1748இல் நொல்லி வரைந்த ரோமாபுரி வரைபடத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒரு ஆசை. கட்டடங்களைக் கறுப்பாக நிரப்பிவிட்டு, ஊரார் போய்வருகிற தேவாலய உட்புறங்களைத் தெருவைப் போலவே வெள்ளையாக விட்டார் மனிதர். அவர் சாய்ந்தமருதுக்கோ நிந்தவூருக்கோ வந்திருந்தால் பள்ளிவாசல்களை வெள்ளையாக விட்டிருப்பார், சந்தேகமில்லை. விறாந்தைகளை என்ன செய்திருப்பார்? முற்றத்தையும் அரைச்சுவரையும் சேர்த்து வெள்ளை விட்டு, உள்வாசல் நிலையிலிருந்துதான் கறுப்பைத் தொடங்கியிருக்க வேண்டும். அப்படி வரைந்தால் எங்கள் ஊர் இவ்வளவு நெருக்கமாகத் தெரியாது. ஜமாதுல் ஆகிரில் கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளியில் கொடியேறும் நாட்களுக்கு அந்தப் படத்தைத் தனியாகவே வரைய வேண்டிவரும். நாகூர் மனாராக்களின் சாயலில் மாடம் மாடமாக எழுந்த மினாராவை நோக்கிச் சனம் இறங்கும்போது ஒழுங்கைகள் போதாது. களைத்தவர்கள் ஏறி இருப்பது தெரியாத வீடுகளின் அரைச்சுவர்களில்தான்.

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு அந்தக் கரையில் நடந்தவர்கள் கண்டிருப்பார்கள், சுவர்கள் போன இடங்களில் அத்திவாரமும் அங்கங்கே முழங்காலளவுச் சுவரும் மட்டும் நின்றதை. அம்பாறை மாவட்டத்தில் மாத்திரம் பத்தாயிரத்துக்கு மேல் மவுத்து. அதைப் பற்றி இந்தக் கட்டுரையில் எழுத எனக்கு மனமில்லை. பிறகு வந்த திட்டங்களைப் பற்றி எழுதலாம். 1902இல் சான் மார்க்கோ மணிக்கூண்டு பொலபொலவென்று சரிந்தபோது வெனிஸ் நகரசபை, இருந்தபடியே, இருந்த இடத்திலேயே என்று தீர்மானம் போட்டு 1912இல் கட்டி முடித்தது. எங்களுக்கு வந்தது கரையிலிருந்து 200 மீற்றருக்குள் கட்டாதே என்ற உத்தரவு. தெற்கிலும் மேற்கிலும் 100, வடக்கிலும் கிழக்கிலும் 200. கடல் எங்கள் பக்கம் இரண்டு மடங்கு கோபக்காரன் என்று கொழும்பில் நினைத்தார்களோ என்னவோ. வீடு தந்தவர்கள் 500 சதுர அடி என்று ஒரு அளவு வைத்தார்கள். படுக்கையறை, குசினி, மலசலகூடம் எல்லாம் அதற்குள் அடங்கியது. விறாந்தைக்கு மிஞ்சியது ஒரு கதிரை போடுகிற இடம். குடியேறியவர்கள் கையில் காசு புரண்டதும் முதலில் செய்த வேலை முன்னால் நாலு தூண் நட்டு, தகரம் போட்டு, அரைச்சுவர் எழுப்பியதுதான். திட்டம் போட்டவர்கள் அதை அனுமதியில்லாத கட்டுமானம் என்றார்கள்.

அக்கரைப்பற்று நுரைச்சோலையில் சவூதி உதவியில் கட்டிய 500 வீடுகளின் கதை எல்லாருக்கும் தெரியும். ஆஸ்பத்திரி, பாடசாலை, பள்ளிவாசல், சந்தை, ஒன்றும் குறையில்லை. யாருக்குக் கொடுப்பதென்ற வழக்கில் சிக்கி வருடக்கணக்காகக் காடு பிடித்தது. வெனிஸ்காரர்கள் 1593இல் ஒன்பது முனை நட்சத்திரமாகக் கட்டிய பல்மனோவாவுக்கும் ஆள் வராமல், 1622இல் சிறையிலிருந்தவர்களை மன்னித்துக் காணி கொடுத்துக் குடியேற்றிப் பார்த்தார்கள். அங்கே குடியேற ஆளில்லை, இங்கே சாவியில்லை.

இத்தாலியைப் பற்றி எழுதுகிறவன் ஜெப்ரி பாவாவைத் தாண்டிப் போக முடியாது என்பார் கொழும்பு நண்பர் ஒருவர். கார்டா ஏரிக்கரையில் வில்லா வாங்க நினைத்த பாவா, அது கைகூடாமல் 1948இல் பெந்தோட்டைப் பக்கம் ஒரு றப்பர் தோட்டத்தை வாங்கி லுணுகங்கையாக்கினார். தோட்டம் அற்புதம். மறுபேச்சில்லை. ஆனால் பாவா கொண்டுவந்தது வில்லாவின் இத்தாலி, மேட்டிலிருந்து தனியாக நின்று ஏரியைப் பார்க்கிற இத்தாலி. பக்கத்து வீட்டுக்காரன் ஏறி இருந்து கதைக்கிற இத்தாலிக்கு அங்கே இடமில்லை. யாழ்ப்பாணத்து நாற்சார் வீட்டை உயர்த்திப் பேசுகிற இன்னொருவர் உண்டு. அந்த முற்றம் உள்ளே திரும்பிய முற்றம். மழைக்கு ஒதுங்கியவனுக்கு அது தெரியவே தெரியாது.

காத்தான்குடி மெயின் ரோட்டுப் பேரீச்ச மரங்களையும் புதிய பள்ளிகளின் குப்பாக்களையும் பார்த்து, எல்லாம் அரபுநாடாகிப் போச்சென்று மூக்கைச் சுளிக்கிறவர்களோடும் எனக்கு ஒத்துவராது. கெய்ரோவையும் அலெக்சாந்திரியாவையும் பார்த்து ஆசைப்பட்டுத்தானே வெனிஸ் தன் ஜன்னல்களுக்கு வளைவு வைத்தது. இரவல் வாங்குவது குற்றமில்லை. என் வயிற்றெரிச்சல் மதிலில். யுத்த காலத்தில் ஆறு மணிக்குப் பிறகு விறாந்தையில் இருக்கப் பயந்து கிறில் அடித்தோம், அதற்கு நியாயம் இருந்தது. பயம் போய்க் கட்டார் காசு வந்த பிறகு ஆறடி மதிலும் இழுவைக் கேட்டும் எதற்கு? உள்ளே விறாந்தை இருக்கிறது, வழுவழுவென்று டைல்ஸும் இருக்கிறது, ரோட்டுக்கும் அதற்கும் பேச்சுவார்த்தை இல்லை.

போன பெருநாளைக்கு மச்சான் ஒருவரின் புது வீட்டுக்குப் போனேன். மதில் இல்லை, சந்தோசப்பட்டேன். அரைச்சுவர் இருந்தது. மேலே கறுப்புக் கிறனைட் பதித்து, வெளிப்பக்கம் சரிவாக இறக்கியிருந்தார்.

"என்ன மச்சான், சரிச்சி வச்சிரிக்கீங்க?"

"தண்ணி வழிஞ்சி போகத்தான். மறுகா, ரோட்டால போற பொடியன்மார் வந்து இருந்திட்டு எழும்பவே மாட்டாங்க."

2019இல் ரோமாபுரியிலும் ஸ்பானியப் படிகளில் இருந்தால் தண்டம் என்று அறிவித்தார்கள், 1725இல் கட்டி முடித்த நாளிலிருந்து சனம் இருந்து வந்த படி. அதை அவருக்குச் சொன்னேன். நல்ல யோசனைதானே என்றார். அந்தக் கிறனைட்டை எடுத்துவிட்டு ஒரு நாள் கூலிக்கு மேசனைப் பிடித்துச் சிவப்புச் சிமெந்து போட்டுத் தருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். மச்சி சம்மதம். அவர்தான் இன்னும் பதில் சொல்லவில்லை.