பிடிப்பதும் பிடித்துப்போவதும்: போக்கிமான் தொடர் குறித்து ஒரு பார்வை

கார்ட்டூன் என்றாலே சின்னப் பிள்ளைகள் சமாச்சாரம், அதில் விமரிசனம் செய்ய என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் உண்டு. அதிலும் போக்கிமான் என்றால் சொல்லவே வேண்டாம். "எப்பப் பாரு அந்த மஞ்சள் எலிதானா? புஸ்தகத்தை எடு" என்று ஒரு முறையாவது அதட்டாத பெற்றோர் நம்மிடையே குறைவு. 2003-ஆம் ஆண்டு கார்ட்டூன் நெட்வொர்க் வழியாக இந்தத் தொடர் இந்தியாவுக்குள் வந்தது. அன்று எட்டு வயதில் தரையில் சம்மணமிட்டுப் பார்த்த பிள்ளை இன்று முப்பதைத் தாண்டியிருக்கும். ஒரு தலைமுறையின் மனத்தில் இத்தனை காலம் தங்கிவிட்ட ஒன்றை நிதானமாக எடைபோட்டுப் பார்ப்பதில் தவறில்லை.

இத்தொடர் மீது பெரியவர்கள் வைக்கும் குற்றச்சாட்டு ஒன்றே ஒன்றுதான்: இது கதையல்ல, விளம்பரம், விளையாட்டையும் சீட்டுகளையும் பொம்மைகளையும் விற்பதற்கென்றே ஓட்டப்படும் படம். இந்தக் குற்றச்சாட்டில் பாதி உண்மை இருக்கிறது. மீதிப் பாதியைச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

அதற்கு நம் மொழியே ஒரு வசதி செய்து தருகிறது. தமிழில் 'பிடி' என்ற வினை இரண்டு வேலை செய்கிறது. 'நான் மீனைப் பிடித்தேன்' என்றால் மீன் என் கைக்குள் வந்துவிட்டது. 'எனக்கு மீன் பிடிக்கும்' என்றால் நான் எழுவாயாக நிற்பதில்லை. நான் 'எனக்கு' என்று நான்காம் வேற்றுமையில் ஒதுங்கி நிற்கிறேன். முதலாவதில் ஆட்சி என்னுடையது. இரண்டாவதில் அது என்னை ஆள்கிறது. போக்கிமான் விளையாட்டு முதல் வகைப் 'பிடி'. போக்கிமான் தொடர், தன் நல்ல பகுதிகளில், இரண்டாம் வகைப் 'பிடி'. இரண்டுக்கும் நடந்த இழுபறிதான் அதன் 25 ஆண்டுக் கதை.

விளையாட்டின் கணக்கு

போக்கிமான் விளையாட்டை உருவாக்கியவர் சதோஷி தஜிரி. 1965-இல் பிறந்தவர், தோக்கியோவின் புறநகரான மச்சிதாவில் வளர்ந்தவர். குளத்தங்கரையிலும் வயல்வெளியிலும் பூச்சி பிடிப்பது அவருடைய சிறுவயதுப் பித்து. அந்தக் குளங்களும் வயல்களும் வீடுகளாகவும் கடைகளாகவும் மாறிப்போயின. பூச்சி பிடித்த அந்தச் சுகத்தை நகரத்துப் பிள்ளைகளுக்குத் திருப்பித் தரவேண்டும் என்ற ஆசையே விளையாட்டின் விதை.

1996 பிப்ரவரி 27-இல் நிண்டெண்டோவின் கேம்பாய் கருவிக்காகச் சிவப்பு, பச்சை என இரண்டு பதிப்புகள் வெளிவந்தன. ஒன்றில் கிடைக்கும் சில உயிர்கள் மற்றதில் கிடைக்கா. எனவே முழுத் தொகுப்பும் வேண்டுமானால் நண்பனின் கருவியோடு ஒரு கம்பியால் இணைத்துப் பண்டமாற்று செய்தாக வேண்டும். விற்பனைத் தந்திரம் என்று சொன்னாலும், ஒரு பிள்ளையை இன்னொரு பிள்ளையிடம் அனுப்பிய தந்திரம் அது.

ஆனாலும் விளையாட்டு என்பது கணக்குதான். ஒவ்வோர் உயிருக்கும் ஓர் எண். ஒவ்வொன்றின் பலத்துக்கும் ஓர் எண். எண்ணிக்கை கூடக்கூட வெற்றி. நாயகனோ வாய் திறப்பதில்லை. பொத்தானை அழுத்தும் நாம்தான் நாயகன். இப்படி ஒரு பேசாத பொம்மையையும் 150 சொச்சம் எண்களையும் வைத்துக்கொண்டு கதை பண்ணு என்றால் எந்த எழுத்தாளனும் தலையைச் சொறிவான்.

முதல் நாளே கவிழ்ந்த விதி

1997 ஏப்ரல் 1-இல் டிவி தோக்கியோவில் தொடர் ஆரம்பித்தது. இயக்குநர் குனிஹிகோ யுயாமா. தலைமைக் கதாசிரியர் தகேஷி ஷுதோ. அவர்கள் செய்த முதல் காரியமே விளையாட்டின் விதியை மீறியதுதான். விளையாட்டில் பேராசிரியர் மூன்று உயிர்களை மேசைமேல் வைப்பார். ஒன்றை நாம் தேர்ந்தெடுப்போம். தொடரிலோ பத்து வயதுப் பையன் ஆஷ் தூங்கிப்போய்த் தாமதமாக வருகிறான். மூன்றும் போய்விட்டன. மிச்சமிருப்பது யாரும் கேட்காத பிகாச்சு. அதுவும் பந்துக்குள் போக மறுக்கிறது, கைவைத்தால் மின்சாரம் பாய்ச்சுகிறது.

பையன் அதைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு போகிறான். பறவைக்கூட்டம் ஒன்று துரத்துகிறது. பிகாச்சு அடிபட்டு விழுகிறது. கொட்டும் மழையில் பையன் அதன் முன்னால் கைவிரித்து நின்று, 'என்னைக் கொத்துங்கள்' என்கிற மாதிரி பறவைகளை எதிர்கொள்கிறான். அந்தக் கணத்தில்தான் பிகாச்சு எழுந்து அவன் தோளில் ஏறிப் பாய்கிறது. பையன் அதைப் பிடிக்கவே இல்லை; அதற்கு அவனைப் பிடித்துப்போயிற்று. விளையாட்டில் இதற்கு எண் கிடையாது.

இதன் பின்விளைவு சுவாரசியமானது. 1998-இல் ஜப்பானில் 'மஞ்சள்' என்று புதிய பதிப்பு வந்தது. அதில் பிகாச்சு பந்துக்குள் போகாமல் ஆட்டக்காரனின் பின்னாலேயே நடந்து வந்தது. விளையாட்டிலிருந்து பிறந்த தொடர், விளையாட்டுக்கே ஒன்றைச் சொல்லிக்கொடுத்தது. வெறும் விளம்பரம் என்றால் இது நடந்திருக்குமா?

விடுவதும் தோற்பதும்

ஆஷ் தானாகப் பிடித்த முதல் உயிர் ஒரு கம்பளிப்புழு. அது கூடாகி, பட்டர்ஃப்ரீ என்ற வண்ணத்துப்பூச்சியாகிறது. 21-ஆம் பகுதியில் அது தன் இணையோடு கடல் கடந்து போகவேண்டிய பருவம் வருகிறது. பையன் அதை அனுப்பிவிடுகிறான். விளையாட்டில் ஓர் உயிரை விடுவிப்பதால் ஆட்டக்காரனுக்கு லாபம் எதுவும் இல்லை, தொகுப்பில் ஒன்று குறையும், அவ்வளவே. தொடரில் அந்தக் காட்சியைப் பார்த்து அழாத பிள்ளைகள் குறைவு.

அதேபோல ஒரு சண்டையில் தோற்றபின், பிகாச்சுவை ஒரு கல்லைக்கொண்டு பெரிய ராய்ச்சுவாக உருமாற்றலாம் என்ற யோசனை வருகிறது. விளையாட்டில் இதில் தயக்கமே கிடையாது. ஆஷ் பிகாச்சுவையே கேட்கிறான். அது கல்லைத் தட்டிவிடுகிறது. சரி, இப்படியே மோதுவோம் என்று மறுபடி போகிறார்கள்.

விளையாட்டில் பதக்கங்களை வென்றுதான் பெறவேண்டும். தொடரில் பாருங்கள்: ப்ராக்கோடு நடந்த மோதலில் வெற்றி கைக்கெட்டும் நேரத்தில், ப்ராக்கின் தம்பி தங்கைகள் வந்து தடுக்க, ஆஷ் விலகிக்கொள்கிறான். பிறகு ப்ராக்கே தேடி வந்து பதக்கத்தைத் தருகிறான். எரிகாவின் கூடம் தீப்பற்றியபோது உள்ளே புகுந்து ஓர் உயிரைக் காப்பாற்றியதற்கு ஒரு பதக்கம். சிரிப்பையே மறந்துபோன சப்ரினாவைச் சிரிக்கவைத்ததால் ஒரு பதக்கம். "இதெல்லாம் போங்கு ஆட்டம்" என்று பிள்ளைகள் சண்டைபோடுவார்கள். ஆனால் கதையின் நியாயம் அங்கேதான் இருக்கிறது.

இன்னொன்று, இந்தப் பையன் தோற்றுக்கொண்டே இருந்தான். முதல் போட்டியில் முதல் பதினாறுக்குள் வந்து நின்றுவிட்டான். காரணம், அவனுடைய சாரிசார்ட் அவன் பேச்சைக் கேட்காமல் படுத்துக்கொண்டதுதான். பலம் இருந்தது, பழக்கம் இல்லை. பிறகு அது பனிக்கட்டியில் உறைந்துபோனபோது இரவெல்லாம் அதைத் தேய்த்துச் சூடேற்றிய பின்புதான் அது அவனை ஏற்றுக்கொண்டது. ஒன்றிரண்டு சிறு வெற்றிகள் நீங்கலாகப் பெரிய கோப்பைகள் கைநழுவியபடியே இருந்தன. 2016-இல் இறுதியாட்டம் வரை வந்தும் தோற்றான். 2019-இல்தான் அலோலா கோப்பை. 2022 நவம்பரில் உலக வாகையர். தேர்வில் இரண்டு மதிப்பெண் குறைந்தால் முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்ளும் நம் வீடுகளில், 22 வருஷம் தோற்ற ஒருவனைப் பிள்ளைகள் நாயகனாகவே பார்த்தார்கள் என்பதை நாம் கவனிக்கவேண்டாமா?

கடையின் கை

இனி குறைகள். புதிய விளையாட்டு வெளிவரும்போதெல்லாம் தொடர் புதிய நாட்டுக்கு நகரவேண்டும். பழைய நண்பர்கள் கழற்றிவிடப்படுவார்கள். 2010-இல் ஆரம்பித்த பருவத்தில் பிகாச்சு ஒரு மின்னல் புயலில் தன் ஆற்றலை இழந்து, அன்றுதான் பயணம் தொடங்கிய ஒருவனின் சின்ன உயிரிடம் தோற்றது. அத்தனை ஆண்டு அனுபவமும் என்ன ஆயிற்று? புது விளையாட்டு வாங்கும் புதுப் பிள்ளைக்கு நாயகனும் புதுசாகத் தெரியவேண்டும், அதற்காகத்தான். ஆஷுக்குக் கடைசிவரை வயது பத்துதான். கற்றதை மறக்கவைக்கும் கை கதாசிரியனின் கை அல்ல, கடைக்காரனின் கை.

உயிர்களை மோதவிடுவது சேவற்கட்டு மாதிரிதானே என்ற கேள்வியும் நியாயமானது. தொடர் இதற்கு முழுப் பதில் சொன்னதில்லை. ஆனால் கேள்வியை மறைக்கவும் இல்லை. 1998-இல் வந்த முதல் திரைப்படத்தில், மனிதர்கள் ஆய்வுக்கூடத்தில் உருவாக்கிய மியூடூ என்னும் நகல் உயிர், தான் எதற்காகப் படைக்கப்பட்டோம் என்று கேட்கிறது. அசல்களும் நகல்களும் ஓய்ந்து விழும்வரை மோதுகின்றன. நடுவே ஓடிவந்த பையன் கல்லாகிறான். விற்பனைக்காக எடுத்த படம் தன் அடிப்படையையே இப்படிக் கேள்வி கேட்பது அபூர்வம்.

சோற்றுருண்டையும் பூனையும்

நமக்கு வந்து சேர்ந்தது அமெரிக்கா வழியாக வந்த ஆங்கில வடிவம். இந்தியில் கேட்ட பிள்ளைகளும் அதே பெயர்களைத்தான் கேட்டார்கள். ஜப்பானில் பையனின் பெயர் சதோஷி, அதாவது படைத்தவரின் பெயரே. இங்கே ஆஷ். எப்போதும் தோற்கும் வில்லன் ஜோடிக்கு அங்கே முசாஷி, கொஜிரோ என்று பெயர்; 1612-இல் மோதிக்கொண்ட புகழ்பெற்ற வாள்வீரர் இருவரின் பெயர்கள். ஆங்கிலத்தில் ஜெஸ்ஸி, ஜேம்ஸ் ஆனார்கள். ஓர் அமெரிக்கக் கொள்ளைக்காரனின் பெயரைப் பிய்த்து வைத்தது. பெயர் மாறாமல் தப்பித்தவற்றில் ஒன்று பிகாச்சு. 'பிக்கா' மின்னலின் பளிச்சிடல், 'சூ' எலியின் கீச்சொலி. பளபள, கீச்கீச் என்று இரட்டைக்கிளவிக்கும் ஒலிக்குறிப்புக்கும் பழகிய நம் காதுக்கு அந்தப் பெயர் அந்நியமே இல்லை.

சோற்றுக்கும் பெயர் மாறியது. ப்ராக் கையில் வைத்திருப்பது வெள்ளை வெளேரென்ற சோற்றுருண்டை. அடியில் கறுப்பாகக் கடற்பாசிப் பட்டை. ஆங்கிலத்தில் அவன் அதை ஜெல்லி வைத்த டோனட் என்கிறான்! பயணத்துக்குப் புளியோதரை கட்டிக்கொண்டு ரயிலேறும் வீட்டுப் பிள்ளைக்கு அது சோறு என்று யாரும் சொல்லித்தரவேண்டியதில்லை. தெரியாதது பிள்ளைகளுக்குப் பிடிக்காது என்பது கடைக்காரனின் அனுமானம். தெரியாத மஞ்சள் எலியை உலகமே தோளில் தூக்கிவைத்துக்கொண்ட பிறகும் அந்த அனுமானம் போகவில்லை.

இந்த இடத்தில் மியாவ்த் என்ற பூனையின் கதையைச் சொல்லியாக வேண்டும். தொடரிலேயே எனக்கு மிக உயர்ந்ததாகப் படும் பகுதி அது. தெருவில் பசியோடு திரிந்த பூனை, ஒரு பணக்கார வீட்டுப் பெண்பூனையை விரும்புகிறது. அவளுக்கு மனிதர்களைத்தான் பிடிக்கும். ஆகவே இது ராப்பகலாக இரண்டு காலில் நடக்கக் கற்கிறது. மனிதப் பேச்சையும் எழுத்தெழுத்தாகப் பயில்கிறது. அத்தனையும் கற்றுக்கொண்டு போய் நின்றால், 'நீ பூனையுமில்லை, மனிதனுமில்லை' என்ற பொருளில் அவள் ஒதுக்கிவிடுகிறாள். பேச்சுக்காகச் செலவான சக்தியால், அதன் இனத்துக்கே உரிய வித்தையும் அதற்கு வராமல் போயிற்று.

ஊர்விட்டு ஊர் வந்து, அலுவலகத்துக்கு ஒரு மொழி, கடைத்தெருவுக்கு ஒரு மொழி என்று வாழும் நமக்கு இந்தப் பூனையைப் பார்த்துச் சும்மா சிரித்துவிட்டுப் போக முடியாது. கற்றது தப்பு என்று கதை சொல்லவில்லை. அந்தப் பேச்சுதான் அதற்குச் சோறு போடுகிறது. மற்ற உயிர்களின் பேச்சை மனிதர்களுக்கு மொழிபெயர்த்துச் சொல்லவும் அது ஒன்றால்தான் முடிகிறது. பிறருக்குப் பிடிக்கவேண்டும் என்பதற்காகவே தன்னை மாற்றிக்கொண்டால் என்ன மிஞ்சும் என்பதுதான் கேள்வி. இந்தக் கேள்வியை விளையாட்டு எந்தக் காலத்திலும் கேட்டிருக்க முடியாது.

2023 மார்ச்சில் ஆஷ் விடைபெற்றான். அடுத்த மாதமே லிகோ என்ற பெண்ணையும் ராய் என்ற பையனையும் வைத்துப் புதிய கதை தொடங்கிவிட்டது. ஆகவே இந்த மஞ்சள் எலி நம் பேரப்பிள்ளைகள் வீட்டுக்கும் வரத்தான் போகிறது. வரட்டும். பொம்மை கேட்டால் வேண்டாம் என்று சொல்ல நமக்கு உரிமை உண்டு. பார்க்கும் நேரத்துக்கு வரம்பு போடவும் உரிமை உண்டு. ஆனால் ஒரு நாளாவது பக்கத்தில் உட்கார்ந்து, "இதுல உனக்கு யாரை ரொம்பப் பிடிக்கும்? ஏன் பிடிக்கும்?" என்று கேட்டுப்பாருங்கள். பதில் நிச்சயம் நீளமாக வரும். பள்ளியில் என்ன நடந்தது என்று கேட்டால் ஒற்றைச் சொல்லில் முடித்துக்கொள்ளும் பிள்ளை, இதைச் சொல்வதற்காகத் தமிழில் சொற்களைத் தேடித்தேடிப் பேசும்.